காட்டேரியின் விதிகளும் வாசகரின் விதிகளும்: ஒரு நாவல் முன்வாசிப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இரத்தக் காட்டேரிகளைக் கூலிக்கு வேட்டையாடுபவர்களைப் பற்றிய மிகுபுனைவு நாவல் ஒன்றின் கைப்பிரதி, அச்சுக்குப் போவதற்கு முன் ஒன்பது வாசகர்களிடம் தரப்பட்டது. அவர்கள் சொன்ன கருத்துகள் ஒன்றோடொன்று மோதின. எதை ஏற்றோம், எதை விட்டோம், ஏன், பிறகு என்ன ஆயிற்று என்பதைப் பதிவு செய்யவே இந்த ஆய்வு. முன்வாசிப்பை ஒருங்கிணைத்த பதிப்பாசிரியர் என்ற முறையில் எழுதுகிறேன். நாவலாசிரியரும் வாசகர்களும் ஒப்புதல் தந்திருக்கிறார்கள். பெயர்களும் நூலின் தலைப்பும் தவிர்க்கப்பட்டுள்ளன.

நாவலாசிரியர் அதுவரை சிறுகதைகள் எழுதியவர். அந்தப் பயிற்சியின் பலமும் பலவீனமும் கைப்பிரதியில் தெரிந்தன. ஒவ்வொரு காட்சியும் கச்சிதம். தேவையற்ற சொல் ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் முக்கியமான ஒன்றை மூடியே வைத்திருந்து கடைசி வரியில் திறந்து காட்டும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. பத்துப் பக்கக் கதையில் வாசகர் அதை ரசிப்பார். நானூறு பக்கம் கூடவே நடந்து வந்தவரிடம் அதே வித்தையைக் காட்டினால் அவர் கோபித்துக்கொள்வார்.

"கதையை மாற்றச் சொல்லாதீர்கள், எங்கே புரியவில்லை என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்" என்ற நிபந்தனையோடுதான் அவர் முன்வாசிப்புக்கு இசைந்தார். வாசகர்கள் அப்படிப் பிரித்துச் சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியும். அப்போது அதைச் சொல்லவில்லை.

கதையும் அதன் விதிகளும்

பின்னால் வரும் விவாதம் விளங்கக் கதையின் எலும்புக்கூடு தெரிய வேண்டும். கற்பனை நாடு, அதில் ஒரு கோட்டை நகரம். வேட்டையர் சங்கம் ஒன்று இயங்குகிறது. கொன்ற காட்டேரிக்குத் தலைக்கு இவ்வளவு என்று நகரசபை கூலி தருகிறது. நாயகி தடம் பார்ப்பதில் கெட்டிக்காரி. அவளுடைய தந்தையை மூத்த காட்டேரி ஒன்று பல ஆண்டுகளுக்கு முன் குடித்துக் கொன்றிருக்கிறது. அவளுக்குத் தொழில் கற்றுத் தருபவர் ஒரு கிழ வேட்டையர். இருவரும் அந்த மூத்த காட்டேரியைத் தேடிப் போகிறார்கள்.

ஆசிரியர் வைத்திருந்த விதிகள் மூன்று. பகல் வெளிச்சம் காட்டேரியைக் கொல்லாது. பலத்தைப் பறித்து வெறும் மனிதனாக்கிவிடும். அழைக்காத வீட்டுக்குள் அது நுழையாது. மூன்றாவது, ஆசிரியரின் சொந்தச் சரக்கு: யாருடைய இரத்தத்தைக் குடிக்கிறதோ அவருடைய நினைவுகள் முழுவதும் காட்டேரிக்குப் போய்விடும்.

இந்த மூன்றாவது விதிதான் நாவலின் உயிர். கடிபடும் வேட்டையன் தான் சாவதோடு தன் கூட்டத்தையும் காட்டிக்கொடுத்துவிடுகிறான். யார் எங்கே பதுங்கியிருக்கிறார்கள் என்பது அந்தக் கணமே எதிரிக்குத் தெரிந்துவிடும். நாயகி இதையே ஆயுதமாக்குகிறாள். கிழவரிடம் பொய்யான திட்டம் ஒன்றைச் சொல்லி, அவர் கடிபடக்கூடிய இடத்துக்கு அவரை அனுப்புகிறாள். அவர் அதை உண்மை என்று நம்பியே சாகிறார். காட்டேரி அந்தப் பொய்யைக் குடித்து, தவறான வாசலுக்குப் போய் மாட்டிக்கொள்கிறது.

முதல் வரைவில் மூன்றாவது விதி வாசகருக்குத் தெரியவருவது எல்லாம் முடிந்த பிறகு. சங்கத் தலைவர் முன் நின்று, தான் செய்ததை நாயகி விளக்கும்போதுதான் அப்படி ஒரு விதி இருப்பதே தெரியும்.

முன்வாசகர்களைத் தேர்ந்த விதம்

காட்டேரிக் கதைகளில் ஊறியவர்கள் மூவர். மிகுபுனைவு வாசிப்பவர்கள், ஆனால் காட்டேரிகளைத் திரைப்படங்களில் மட்டுமே சந்தித்தவர்கள் மூவர். யதார்த்த நாவல்களைத் தவிர வேறெதையும் தொடாதவர்கள் மூவர். கடைசி மூவரைச் சேர்ப்பதில் ஆசிரியருக்கு விருப்பமில்லை. "அவர்களுக்காக நான் எழுதவில்லையே" என்றார். வாதம் சரிதான். ஆனால் எந்த விதியும் அறியாமல் வருகிறவருக்குக் கதை தன் விதிகளைத் தானே கற்றுத் தருகிறதா என்று பார்க்க வேறு வழி தெரியவில்லை.

அச்செடுத்த பிரதியோடு ஒரு பென்சிலும் தந்தோம். மனம் விலகிய இடத்தில், நம்ப முடியாத இடத்தில், படிப்பதை நிறுத்திய இடத்தில் ஓரத்தில் கோடு போட வேண்டும். காரணம் எழுதுவது அவரவர் விருப்பம். முடித்தபின் ஒரு பக்க அளவில் கருத்து எழுதித் தர வேண்டும். மதிப்பெண் கேட்கவில்லை. நூற்றுக்கு எழுபது என்று ஒருவர் சொன்னால் அதை வைத்து எந்த அத்தியாயத்தையும் திருத்த முடியாது.

ஒருவர் பதினோராம் அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டார். சங்கத்தின் படிநிலைகள், பட்டங்கள், ஒவ்வொரு பட்டத்துக்கும் உரிய அங்கியின் நிறம் என்று போகும் அத்தியாயம் அது. அவருடைய கருத்துக் கடிதம் ஒரே வரி: "இதற்குப் பரீட்சை உண்டா?" அந்த அத்தியாயம் பின்னர் மூன்று பத்திகளாகச் சுருங்கியது.

முதல் சுற்றில் கண்டவை: நண்பகல் சந்தை

மூன்றாம் அத்தியாயத்தில் மூத்த காட்டேரி நண்பகல் வெயிலில் சந்தைக்கு நடுவே நடந்து போகிறது. அந்தப் பக்கத்தில் ஐந்து பிரதிகளில் கோடு விழுந்திருந்தது. "எரிந்திருக்க வேண்டுமே" என்று ஒருவர். "ஆசிரியர் மறந்துவிட்டார்" என்று இன்னொருவர். கவனிக்க வேண்டியது கோடு போட்டவர்கள் யார் என்பது. திரைப்படம் வழியாகக் காட்டேரியை அறிந்த மூவருமே போட்டிருந்தார்கள். ஊறிய மூவரில் ஒருவர்தான் போட்டிருந்தார். மற்றொருவர் அதே இடத்தில் "பழைய முறை, நல்லது" என்று எழுதியிருந்தார். யதார்த்த வாசகர்களில் இருவருக்கு அங்கே எந்த நெருடலும் இல்லை. காட்டேரி வெயிலில் நடக்கும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்கள்.

ஆசிரியர் கொதித்துப்போனார். நியாயம் அவர் பக்கம் இருந்தது. 1897-இல் வெளிவந்த 'டிராகுலா' நாவலில் காட்டேரிப் பிரபு பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான். பகல் அவனுடைய ஆற்றல்களை ஒடுக்குகிறதே தவிர உயிரை எடுப்பதில்லை. காலை வெளிச்சம் பட்டுக் காட்டேரி அழிந்துபோவது 1922-இல் வந்த ஜெர்மானிய மௌனப் படமான 'நோஸ்ஃபெராட்டு'வின் முடிவு. அந்தப் படம் அதே நாவலை உரிமை பெறாமல் எடுத்தது. 'டிராகுலா'வை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடர்ந்தார், பிரதிகளை அழிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. சில பிரதிகள் தப்பின. அவற்றோடு வெயில் விதியும் தப்பித்து, பின்னால் வந்த படங்கள் வழியாக, ஆதிமுதல் இருந்தது போன்ற தோற்றத்தைப் பெற்றுவிட்டது.

இதையெல்லாம் முன்னுரையில் எழுதிவிடலாம் என்றார் ஆசிரியர். நான் மறுத்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் புருவம் சுருக்குகிறவர் முன்னுரையைத் திருப்பிப் பார்க்க மாட்டார். தவிரவும், வரலாற்றைக் காட்டி வாசகரின் வாயை அடைக்கலாம். அவருக்குப் பயம் வரவழைக்க முடியாது. அந்தக் காட்சியில் பயம்தான் வேண்டியிருந்தது.

முதல் சுற்றில் கண்டவை: புதைகுழி

எனக்கு இந்த முன்வாசிப்பின் மிகப் பெரிய வரவு ஏழாம் அத்தியாயத்தில் கிடைத்தது. வேட்டையர்கள் ஒரு புதைகுழியைத் தோண்டுகிறார்கள். உடல் ஊதியிருக்கிறது. வாயோரம் கருஞ்சிவப்பாக ஏதோ வழிந்திருக்கிறது. பழைய நகங்கள் கழன்று, அடியில் புதியவை போலத் தெரிகின்றன. மார்பில் மர ஆப்பை அடிக்கும்போது முனகல் கேட்கிறது. "சந்தேகமே இல்லை" என்று சங்கத் தலைவர் தீர்ப்பளிக்கிறார். அங்கேயே கூலி கைமாறுகிறது.

யதார்த்த வாசகர்களில் ஒருவர் மருத்துவம் படித்தவர். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இடம் போதாமல் பின்பக்கத்துக்கும் போய் எழுதியிருந்தார்: "இவை எல்லாம் அழுகும் எந்த உடலிலும் வரும். உள்ளே உண்டாகும் வாயுவால் வயிறு ஊதும். அதே அழுத்தம் நுரையீரலில் தேங்கிய திரவத்தை வாய்க்கும் மூக்குக்கும் தள்ளும். மேல்தோல் நகத்தோடு கழன்றால் அடியில் இருப்பது புதிது போலத் தெரியும். மார்பில் ஆப்பு இறங்கினால் அடைபட்ட காற்று தொண்டை வழியாக வெளியேறும், முனகல் அதுதான். இவர்கள் சாதாரணப் பிணம் ஒன்றைக் குத்திவிட்டுக் காசு வாங்கிப் போகிறார்கள். ஆசிரியர் தெரிந்துதான் எழுதினாரா?"

அந்தப் பொருளில் அவர் எழுதவில்லை. அடையாளங்களைப் பழைய பதிவுகளில் இருந்து எடுத்திருந்தார். 1732-இல், அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த செர்பியப் பகுதியில், கிராமத்தார் காட்டேரி என்று சந்தேகித்த உடல்களைத் தோண்டிப் பார்த்து இராணுவ மருத்துவர்கள் ஓர் அறிக்கை எழுதினார்கள். ஐரோப்பா முழுவதும் பேசப்பட்ட அந்த அறிக்கையில் அழுகாத உடல், திரவ இரத்தம், புதிய நகம் எல்லாம் வருகின்றன. கதையின் மறுபாதி 1755-இல் நடந்தது. அதே போன்ற தோண்டல் ஒன்று நடந்ததைக் கேள்விப்பட்ட பேரரசி மரியா தெரேசா விசாரிக்கச் சொன்னார். அவருடைய மருத்துவர் ஜெரார்ட் வான் ஸ்வீட்டன் இவை அறியாமையின் விளைவு, இயற்கைக் காரணங்கள் போதும் என்று எழுத, பிணங்களைத் தோண்டிக் குத்துவதும் எரிப்பதும் அரசாணையால் தடுக்கப்பட்டன. ஆசிரியர் முதல் பாதியைப் படித்திருந்தார். இரண்டாவது பாதி மருத்துவ வாசகரின் பென்சில் வழியாகத் தாமாகவே நாவலுக்குள் வந்து சேர்ந்தது.

வேறு மூன்று பிரதிகளிலும் இதன் நிழல் இருந்தது. "யார் இங்கே வேட்டை மிருகம் என்று புரியவில்லை" என்று ஒருவர். தலைக்குக் கூலி என்றால் தலைகள் கிடைத்துக்கொண்டேதானே இருக்கும் என்று ஒருவர். ஆசிரியர் கலங்கினார். வேட்டையர்களை வீரர்களாகக் காட்டவே எண்ணியிருந்தார்; அடையாளங்களை மாற்றி, பிணம் கண்ணைத் திறந்து பார்ப்பதாக வைத்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமிருக்காது என்றார்.

முதல் சுற்றில் கண்டவை: நாயகியும் முடிவும்

எட்டுப் பேரில் ஆறு பேர் நாயகி மனத்தோடு ஒட்டவில்லை என்று எழுதியிருந்தார்கள். "கல்நெஞ்சம்", "இயந்திரம்" என்பவை அவர்களுடைய சொற்கள். இருவர் மருந்தும் எழுதித் தந்திருந்தார்கள்: காதல் வையுங்கள். கிழ வேட்டையரை எல்லோருக்கும் பிடித்திருந்தது.

முடிவைப் பற்றிய கருத்துகள் கடுமையானவை. "ஏமாற்று வேலை." "கடைசி நேரத்தில் புது விதியைக் கண்டுபிடித்திருக்கிறார்." "சண்டை போதாது." சண்டை போதாது என்று எழுதியவரின் பிரதியில் சண்டை நடக்கும் பக்கங்களில் ஒரு கோடும் இல்லை. அவருடைய கோடுகள் சண்டைக்கு முந்திய பத்துப் பக்கங்களில் இருந்தன. எது நடந்தால் நாயகி தோற்பாள் என்று தெரியாத வாசகருக்கு வாள் வீச்சில் பதற்றம் எப்படி வரும்? அவர் கேட்டது சண்டை. அவருக்குக் கிடைக்காதது விதி.

ஊறிய வாசகர்களில் ஒருவர் கடைசிப் பக்கத்தில் இருந்து திரும்பிப் போய் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். அங்கே அதே காட்டேரி வடக்கு வாசல் காவலனைக் குடிக்கிறது. "நினைவு போய்ச் சேரும் என்றால் வாசலின் ரகசியத் தாழ்ப்பாள் இதற்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டுமே? பிறகு ஏன் மதில் ஏறி வருகிறது?" பதில் சொல்ல முடியாத கேள்வி. விதியைக் கடைசி வரை மறைத்து வைத்ததால் ஆசிரியரே அதைப் பாதி வழியில் மறந்திருந்தார்.

கூட்டம்

எழுத்துக் கருத்துகள் வந்தபின் எட்டுப் பேரும் ஆசிரியர் முன்னிலையில் கூடினார்கள். கூட்டத்தால் கிடைத்தது குறைவு. நன்றாகப் பேசக்கூடிய ஒருவர், நாயகிக்குக் காதல் வேண்டும் என்பதைக் கதைகளின் உதாரணங்களோடு எடுத்துவைத்தார். அரை மணி நேரத்தில், எழுத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாத மூவர் அதற்கு ஆதரவாகிவிட்டார்கள். முடிவு தனக்குப் பிடித்ததாக எழுதியிருந்த ஒருவர் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆமாம், கொஞ்சம் அவசரம்தான் என்றார். மருத்துவ வாசகர் வாயே திறக்கவில்லை. நான் கேட்டபோது, அது சின்ன விஷயம், கதைக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுக்கிவிட்டார். கூட்டத்தின் தீர்மானத்தை மட்டும் நம்பியிருந்தால் நாவலில் ஒரு காதலன் வந்திருப்பான். புதைகுழி அப்படியே கிடந்திருக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கூட்டத்தில் சொன்னதும் எழுத்தில் சொன்னதும் முரண்பட்டால் எழுத்தையே கொள்வது என்று முதலில் தீர்மானித்தோம். எழுத்திலும் தீர்ப்பைவிட ஓரக் கோட்டுக்கே எடை அதிகம் தந்தோம். ஒவ்வொரு கோட்டையும் அதைப் போட்டவர் என்ன விதிகளோடு வந்தவர் என்பதோடு சேர்த்துப் படித்தோம்.

நண்பகல் காட்சி நீடித்தது. ஆனால் அதன் தொடக்கத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி சேர்ந்தது. காட்டேரிகள் வெயிலில் வெந்துவிடும் என்று நம்பும் வியாபாரி ஒருவன், பகல்தானே என்று அலட்சியமாகக் கடைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறான். கிழவர் அவனிடம், "வெயில் அதைச் சுடாது தம்பி. உன்னையும் என்னையும் போல ஆக்கும். அதனால்தான் பகலில் கண்டுபிடிக்க முடியாது" என்கிறார். வாசகரின் நம்பிக்கை ஒரு பாத்திரத்தின் வாயில் வந்துவிட்டதால், அது உடையும்போது கிடைப்பது திருத்தம் அல்ல, நடுக்கம். பகலில் பலமிழந்த காட்டேரி கூட்டத்தில் கலந்து நிற்பது அதன் பிறகு பயமூட்டியது.

புதைகுழி அத்தியாயத்தில் எந்த அடையாளத்தையும் மாற்றவில்லை. இதற்குத்தான் ஆசிரியரோடு அதிகம் வாதாட வேண்டியிருந்தது. தலைக்குக் கூலி என்ற ஏற்பாட்டை அவரே எழுதிவிட்டார். அந்த ஏற்பாடு என்ன செய்யும் என்பதை வாசகர்கள் படித்துவிட்டார்கள். அதை அழிப்பதைவிட ஒரே ஒரு பாத்திரத்துக்காவது தெரிந்ததாக வைப்பது மேல் என்று சொன்னேன். கடைசியில் பிணங்களைக் குளிப்பாட்டும் கிழவி ஒருத்தியை அந்தக் காட்சிக்குள் கொண்டுவந்தார். எல்லோரும் போனபின் அவள் குழியை மூடிக்கொண்டே, "எல்லாப் பிணமும் இப்படித்தான் இருக்கும்" என்று யாருக்கும் அல்லாமல் சொல்கிறாள். நாயகி அதைக் கேட்டும் கேளாதது போல நடக்கிறாள். அதற்கு மேல் விளக்கக் கூடாது என்பதில் இருவரும் ஒத்துப்போனோம்.

காதலனை மறுத்தோம். "கல்நெஞ்சம்" என்ற ஆறு பேரின் கோடுகளும் தொடங்கிய இடம் ஒன்றேதான்: அவள் முதல் காட்டேரியைக் கொன்று கூலி வாங்கும் காட்சி. கொன்றாள், காசை எண்ணி வாங்கினாள், அத்தியாயம் முடிந்தது. கச்சிதமாக வெட்டிய அந்த முடிவில் அவளுக்கு என்ன ஆயிற்று என்பதும் சேர்ந்து வெட்டுப்பட்டிருந்தது. ஆசிரியர் நான்கு வரிதான் சேர்த்தார். காசை எண்ணுகிறாள், எண்ணிக்கை தவறுகிறது. மறுபடி எண்ணுகிறாள், மறுபடி தவறுகிறது. கொடுத்தவன் சிரிக்கிறான். எண்ணாமலே பையில் கொட்டிக்கொண்டு வெளியேறுகிறாள்.

மூன்றாவது விதியை நான்காம் அத்தியாயத்துக்குக் கொண்டுவந்தோம். இது பெரிய வேலை. ஆசிரியரின் அச்சம் நியாயமானது: விதி முன்பே தெரிந்தால் முடிவின் அதிர்ச்சி போய்விடும். போகும்தான். அதற்குப் பதிலாகக் கிடைப்பது எது என்பதே கேள்வி. நாயகி கிழவரிடம் திட்டத்தைச் சொல்லும் காட்சியில், கடிபட்டால் நினைவு போகும் என்று அறிந்த வாசகர், இவள் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறாள் என்று சந்தேகப்படத் தொடங்குவார். அந்தச் சந்தேகம் பன்னிரண்டு பக்கம் வளர்ந்தால் ஒரு வரி அதிர்ச்சியைவிட லாபம். விதி முன்னால், திட்டம் பொய் என்பது முந்தைய இரவு வரை மறைவாக. இப்படித் தீர்த்தோம். வடக்கு வாசல் காவலன் வேலைக்குச் சேர்ந்து அன்றே முதல் நாள் என்று மாறினான். தாழ்ப்பாளைப் பற்றி அவனுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

இரண்டாம் சுற்று

திருத்திய பிரதியைப் பழைய வாசகர்கள் இருவருக்கும் புதியவர்கள் ஐவருக்கும் தந்தோம். கூட்டம் வைக்கவில்லை.

சந்தைக் காட்சியில் கோடுகள் ஏறக்குறைய மறைந்தன. நாயகியைப் பற்றிய குறை முழுதும் போகவில்லை, ஆனால் அதன் தன்மை மாறியது. "ஒட்டவில்லை" என்பதற்குப் பதிலாக "இவளை மன்னிக்க முடியவில்லை" என்று எழுதினார்கள். கிழவரை அவள் அனுப்பும் பக்கத்தில் ஒருவர் பென்சில் முனை ஒடியும் அளவுக்கு அழுத்திக் கோடு போட்டு, "போகாதே" என்று எழுதியிருந்தார். ஏமாற்று என்ற சொல் ஒரு பிரதியிலும் வரவில்லை. இருவர் முடிவை முன்கூட்டியே ஊகித்துவிட்டதாகச் சொன்னார்கள். அவர்களில் ஒருவருக்கு அது குறையாகவே பட்டது. அந்த இழப்பை ஏற்றுக்கொண்டோம்.

யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. விதி நான்காம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டதால், புதிய வாசகர்கள் அதை வைத்துத் தாங்களாகவே யோசிக்கத் தொடங்கியிருந்தார்கள். மூன்று பேர் தனித்தனியே ஒரே கேள்வியை எழுதினார்கள்: அந்தக் காட்டேரி அவளுடைய தந்தையையும் குடித்ததல்லவா? அப்படியானால் அவருடைய நினைவுகள் இருக்கும் ஒரே இடம் அதுதானே? அதைக் கொன்றால் தந்தையை இரண்டாம் முறை கொன்றதாகாதா?

ஆசிரியர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு அது தன் கதையில் இல்லாத விஷயம் என்றார். கதையில் இருந்தது, அவர் எழுதிய விதியில் இருந்து நேராக வந்தது. சில வாரங்கள் கழித்து இறுதிச் சண்டைக்குள் அரைப் பக்கம் சேர்த்து அனுப்பினார். சாகும் தறுவாயில் காட்டேரி அவளைத் தந்தை அழைக்கும் செல்லப்பெயரால் அழைக்கிறது. அவளுடைய கை ஒரு கணம் நிற்கிறது, பிறகு இறங்குகிறது. செல்லப்பெயரோடு நிறுத்தியிருந்தால் போதும் என்று நினைக்கிறேன். அவர் அதற்குப் பின்னும் இரண்டு வாக்கியம் எழுதினார், அவற்றை எடுக்க மறுத்துவிட்டார். நாவல் அவருடையது.

வெளியான பின்

நூல் வெளிவந்தபின் வந்த கருத்துகள் முன்வாசிப்பு காட்டிய கோடுகளை ஒட்டியே பிரிந்தன. வேட்டைக் காட்சிகளை எதிர்பார்த்து வந்தவர்களில் ஒரு பகுதியினர் மனச்சாட்சி விசாரணை அதிகம் என்று சலித்துக்கொண்டார்கள். குளிப்பாட்டும் கிழவியின் ஒற்றை வாக்கியம் பலரால் மேற்கோள் காட்டப்பட்டது. சிலர் அதன் அடிப்படையில் நாவலில் உண்மையான காட்டேரிகள் எத்தனை என்று கணக்குப் போட்டு வாதாடினார்கள். மூத்த காட்டேரியைத் தவிர வேறெதுவும் உண்மை இல்லை என்பது ஒரு கட்சி. ஆசிரியர் அந்த வாதத்தில் தலையிடவில்லை, தலையிடாதது நல்லதாயிற்று.

செல்லப்பெயர்க் காட்சி இரண்டு விதமாகவும் வரவேற்கப்பட்டது. கண்ணீர் வந்தது என்றவர்களும் உண்டு, மிகையுணர்ச்சி என்றவர்களும் உண்டு. மிகை என்றவர்கள் சுட்டிக்காட்டியது பெரும்பாலும் அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை. நாயகிக்கு ஒரு காதல் இருந்திருக்கலாம் என்ற யோசனை இன்றும் அவ்வப்போது வருகிறது.

வெயில் பற்றிய புகார்களும் நிற்கவில்லை. பின்னட்டையில் ஓவியர் காட்டேரி ஒன்று விடியலில் தீப்பற்றி எரிவதாக வரைந்திருந்தார். அட்டையை முதலில் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவர் எந்த விதியோடு வருவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் பதிப்பில் அட்டை மாறியது.

அடுத்த முறை மாறுபவை

பிரதியைத் தருவதற்கு முன்பே ஒவ்வொரு முன்வாசகரிடமும் ஒரு தாள் தரப்படும். காட்டேரி எதனால் சாகும், எங்கே நுழையாது, கடிபட்டவருக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள் என்பதே அதில் இருக்கும் கேள்வி. யார் எந்த விதியோடு வருகிறார்கள் என்பதை இந்த முறை கோடுகளில் இருந்து பின்னோக்கி ஊகிக்க வேண்டியிருந்தது. முதலிலேயே தெரிந்திருந்தால் பாதி விவாதம் குறைந்திருக்கும். காட்டேரி இல்லாத வேறு மிகுபுனைவுக்கும், பேய்க்கதைக்கும் துப்பறியும் கதைக்கும்கூட, அந்தந்த விதிகளை வைத்து இதே தாளைத் தயாரிக்கலாம்.

கருத்துக் கூட்டம் இருக்காது. ஆசிரியருக்கு வாசகர்களை நேரில் பார்க்கும் ஆசை இருந்தால் நூல் அச்சேறிய பின் சந்திக்கலாம். அட்டை ஓவியருக்கும் விதிகளின் பட்டியல் போகும்.

இரண்டாம் பாகம் எழுதப்பட்டுவருகிறது. மருத்துவ வாசகரையே மறுபடி முதல் வாசகராக வைக்க வேண்டும் என்று ஆசிரியர் கேட்கிறார். அவருக்கு இப்போது இந்த நாவலின் விதிகள் மனப்பாடம். விதி தெரியாதவராக இனி அவர் படிக்க முடியாது. அதனால் முழுப் பிரதியை அவருக்குத் தரப்போவதில்லை. பிணங்கள் வரும் அத்தியாயங்கள் மட்டும், ஓரத்தில் வழக்கத்தைவிட அகலமாக இடம் விட்டு அச்செடுத்து அனுப்பப்படும்.